முத்திரை பார்ப்பதா, மாற்று பார்ப்பதா: பழைய ரஷ்ய வெள்ளி வாங்கும் முன்

பழைய ரஷ்ய வெள்ளிச் சாமான் ஒன்று விலைக்கு வருகிறது. சிகரெட் பெட்டி, தேநீர்க் கண்ணாடி டம்ளரைத் தாங்கும் 'பொத்ஸ்தகானிக்', எனாமல் வைத்த கரண்டி, எதுவாகவும் இருக்கலாம். அடியில் 84 என்ற எண், ஒரு பெண்ணின் தலை, சில ரஷ்ய எழுத்துகள். புரட்சிக்கு முந்தைய பொருள் என்கிறார் விற்பவர். வாங்குபவருக்கு நான்கு வழிகள் உண்டு: லென்ஸை எடுத்து முத்திரையைத் தானே படிப்பது, உரைகல்லில் உரைத்து அமிலம் விடுவது, எக்ஸ்ரே கருவியில் மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை அளவு, பார்ப்பது, இந்தத் துறை தெரிந்த நிபுணரிடம் கொண்டுபோவது. நான்குக்கும் செலவு வேறு, கிடைக்கும் விடையும் வேறு.

பலர் நேரே கருவியிடம் போய்விடுகிறார்கள். 87.6 சதவீதம் வெள்ளி என்று சீட்டு வந்தால் நிம்மதியாகிவிடுகிறது. அந்தச் சீட்டு உலோகத்தைப் பற்றியது. முத்திரையை யார், எப்போது குத்தினார்கள் என்று அதில் ஒரு சொல் இருக்காது. ரஷ்ய வெள்ளியில் பெரிய பணம் தொலைவது பெரும்பாலும் நல்ல வெள்ளியின் மேல் பொய் முத்திரை விழுந்த பொருளில்தான். ஆகவே எங்கள் வரிசை இது: முதலில் முத்திரைகளின் காலக்கணக்கு, அடுத்து லென்ஸ், பிறகு கருவி. விலை பெரிதானால் மட்டும் நிபுணர். அமிலம் பெரும்பாலும் வேண்டாம்.

84 என்றால் என்ன

ரஷ்யப் பேரரசின் பவுண்டு 409.5 கிராம். அதில் 96 ஸோலோத்னிக். ஒரு ஸோலோத்னிக் சுமார் 4.27 கிராம். கலப்பே இல்லாத வெள்ளி 96. நம் ஊரில் பத்தரை மாற்று என்று சொல்வதைப் போல அவர்களுக்கு இது ஒரு மாற்றுக் கணக்கு. 84 என்றால் 96இல் 84 பங்கு வெள்ளி, அதாவது ஆயிரத்துக்கு 875. 88 என்பது 916.7, 91 என்பது ஏறக்குறைய 948. அதிகம் கண்ணில் படுவது 84.

காலக்கணக்கு: காசு செலவில்லாத, மிகக் கடுமையான சோதனை

ரஷ்ய முத்திரைகளின் பெரிய வசதி, அவை காலத்துக்குக் காலம் தெளிவாக மாறியிருப்பது. 1899க்கு முன் ஒரு பொருளில் நான்கு செய்திகள் இருக்கும்: செய்தவர் பெயர் அல்லது முதலெழுத்துகள், ஊர்ச் சின்னம், மாற்று எண், பிறகு மாற்றைச் சோதித்து முத்திரையிடும் சோதனை அதிகாரியின் முதலெழுத்துகளும் அவற்றின் கீழே ஆண்டும். மாஸ்கோவுக்குச் சின்னம் பாம்பரக்கனைக் குத்தும் புனித ஜார்ஜ். பீட்டர்ஸ்பர்க்குக்குக் குறுக்காகக் கிடக்கும் இரண்டு நங்கூரங்கள், நடுவில் செங்கோல்.

1899இல் ஆண்டு போய்விட்டது. ஊர்ச் சின்னமும் போய், நாடு முழுவதற்கும் ஒரே உருவம் வந்தது: கோகோஷ்னிக் என்னும் தலையணி அணிந்த பெண், இடப்பக்கம் பார்த்தபடி. கூடவே மாற்று எண்ணும், அந்த வட்டாரச் சோதனை அலுவலகத் தலைவரின் முதலெழுத்துகளும் இருக்கும். 1908இல் அவள் வலப்பக்கம் திரும்பினாள். அதிகாரியின் எழுத்துகள் நீங்கி வட்டாரத்துக்கு ஒரு கிரேக்க எழுத்து வந்தது. பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆல்பா, மாஸ்கோவுக்கு டெல்டா. இந்த முத்திரை புரட்சியைத் தாண்டி 1920களின் நடுப்பகுதி வரை புழக்கத்தில் இருந்தது. ஆகவே வலப்பக்கம் பார்க்கும் தலையை மட்டும் வைத்து 'ஜார் காலம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. 1927இல் சுத்தியலோடு ஒரு தொழிலாளியின் தலை வந்தது; எண்ணும் 875 என்று மெட்ரிக்கில் மாறியது. 1958 முதல் நட்சத்திரத்துக்குள் அரிவாள் சுத்தியல். சோவியத் ஒன்றியம் கலைந்தபின் 1990களில் கோகோஷ்னிக் பெண் திரும்பி வந்தாள், இம்முறை 925 போன்ற மெட்ரிக் எண்ணோடு.

இந்த ஒரு பத்தியை மனப்பாடம் செய்துகொண்டாலே சந்தையில் பாதிப் பொய் உதிர்ந்துவிடும். பெண் தலையும் 925ம் சேர்ந்திருந்தால் அது நம் காலத்து நகை. தொழிலாளி தலையும் 875ம் இருந்தால் அது நேர்மையான சோவியத் பொருள். அதற்கு ஜார் காலத்து விலை கேட்பதுதான் தவறு. கோகோஷ்னிக்கும் '1887' என்ற ஆண்டும் ஒரே அச்சுத் தொகுதியாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பழைய பொருள் மறுசோதனைக்குப் போய் இரண்டாம் முத்திரை வாங்கியிருக்கலாம். அப்படியானால் இரண்டும் தனித்தனி இடத்தில், தனித்தனித் தேய்மானத்தோடு தெரியும்.

அடுத்தது அதிகாரியின் பெயர். விக்டர் சவின்கோவ் 1855 முதல் 1888 வரை மாஸ்கோவில் சோதனை அதிகாரி. அவருடைய முதலெழுத்துகளான ரஷ்ய 'வி.எஸ்.' நம் கண்ணுக்கு ஆங்கிலத்தின் B, C போலத் தெரியும். அதன் கீழே 1842 என்று இருந்தால் பொய். அதோடு பீட்டர்ஸ்பர்க் நங்கூரம் இருந்தாலும் பொய். அவருக்கு முன் 1822 முதல் 1855 வரை நிகோலாய் துப்ரோவின். 1899–1908 காலத்தில் மாஸ்கோவுக்கு இவான் லெபெத்கின். அவருடைய முதல் எழுத்து கண்ணாடியில் திருப்பிய ஆங்கில என் போல இருக்கும். பீட்டர்ஸ்பர்க்குக்கு அந்தக் காலத்தின் தொடக்க ஆண்டுகளில் யாகோவ் லியாபுனோவ். அவருடையது திருப்பிய ஆர் போல. ரஷ்ய மொழி அறியாத போலிக்காரர்கள் இந்த எழுத்துகளில்தான் கை தடுமாறுகிறார்கள். ஆங்கில 'என்' போன்ற எழுத்தைத் திருப்ப மறந்துவிடுகிறார்கள், அல்லது ஆரின் காலை நேராக விட்டுவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டலும் சாட்சி சொல்லும். 1918 சீர்திருத்தம் வரை மெய்யில் முடியும் ரஷ்யச் சொற்களின் இறுதியில் ஒலி இல்லாத ஒரு கடினக் குறி எழுதுவார்கள். தலையில் இடப்பக்கம் சிறு வால் நீட்டிய ஆங்கிலச் சின்ன b போல அது இருக்கும். ஓவ்சின்னிகோவ், க்லெப்னிகோவ், சசிகோவ் போன்ற நிறுவனங்கள் பெயரை முழுதாகக் குத்தினால் இறுதியில் அந்தக் குறி நிற்க வேண்டும். அது இல்லாத 'ஓவ்சின்னிகோவ்' 1880களின் எனாமல் கிண்ணத்தில் இருந்தால் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லை, வைத்துவிடலாம்.

பரிசளிப்பு வாசகத்தையும் படியுங்கள். முத்திரைக் காலத்துக்குப் பிந்தைய தேதி பொறித்திருந்தால் பிரச்சினை இல்லை, பழைய பொருளைப் பரிசாகக் கொடுத்திருப்பார்கள். 1908க்குப் பிந்தைய முத்திரையின் பக்கத்தில் '1896 மே 3 அன்று அன்புடன்' என்று இருந்தால், அது முந்தைய நிகழ்ச்சியின் நினைவாகப் பொறித்ததா என்று வாசகமே சொல்ல வேண்டும்.

பத்து மடங்கு லென்ஸ்

காலக்கணக்கில் தேறிய பொருளுக்குத்தான் லென்ஸ். பத்து மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு கீறலும் குற்றமாகத் தெரியும். விளக்கைப் பக்கவாட்டில், தாழ்வாக வைத்துப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஆழம் தெரியாது.

எஃகு அச்சை வைத்துச் சுத்தியலால் அடிக்கும்போது உலோகம் ஒதுங்க இடம் தேடும். விளிம்பைச் சுற்றி மெல்லிய மேடு எழும்பும், எழுத்தின் ஓரங்கள் கூராக நிற்கும், தகடு மெல்லியதானால் பின்புறம் லேசான புடைப்பு இருக்கும். வார்ப்பில் வந்த முத்திரையில் இவை இரா. ஓரங்கள் சோப்புக் கட்டியில் எழுதியதைப் போல வழுவழுப்பாக, பள்ளத்தின் தரை மணல்மணலாக, ஊசித் துளைகளோடு இருக்கும். உருகிய வெள்ளி ஆறும்போது சுருங்குவதால், அசலிலிருந்து அச்சு எடுத்த வார்ப்பில் முத்திரை சற்றுச் சிறுத்தும் போயிருக்கும். ஆறு கரண்டி உள்ள தொகுதியை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக அடுக்குங்கள். கையால் குத்திய முத்திரை ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சாய்ந்து, கொஞ்சம் தள்ளி விழுந்திருக்கும். ஆறிலும் ஒரே சாய்வு, ஒரே கீறல் என்றால் எல்லாம் ஒரே வார்ப்பச்சின் பிள்ளைகள்.

புதிய எஃகு அச்சால் குத்திய பொய் முத்திரை இந்தச் சோதனையைத் தாண்டிவிடும், ஏனெனில் அதுவும் அடித்த முத்திரைதான். அங்கே தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். நூறாண்டு புழங்கிய பொருளில் கீறல்கள் முத்திரைக்குள் இறங்கி மறுபக்கம் ஏறிப் போகும். முத்திரையின் விளிம்பில் வந்து நின்றுவிட்டால், கீறல் முந்தியது, முத்திரை பிந்தியது. தங்க முலாமுக்கும் இதே தர்க்கம். அன்றைய வழக்கப்படி முக்கால் வேலை முடிந்த நிலையில் பொருள் சோதனைக்குப் போய் வந்து, அதன்பின் மெருகும் முலாமும் ஏறும். ஆகவே முலாம் முத்திரைப் பள்ளத்துக்குள்ளும் இருக்க வேண்டும். முலாமைக் கிழித்துக்கொண்டு வெள்ளை வெள்ளி தெரியும் முத்திரை பின்னால் வந்தது. எனாமலை ஒட்டிய இடத்தில் முத்திரை இருந்து, எனாமல் அங்கே விரிசல் விட்டிருந்தாலும் அதே சந்தேகம்தான்.

தேய்ந்த முத்திரை என்பதற்காக மட்டும் பொருளை ஒதுக்கிவிடாதீர்கள். நாள்தோறும் சுண்ணப்பொடி போட்டுத் தேய்த்த வீட்டில் கரண்டியின் முத்திரை பாதி அழிந்திருப்பதுதான் இயல்பு. சிகரெட் பெட்டியின் உட்பக்கம் கையே படாததால் முத்திரை நேற்றுக் குத்தியதைப் போலக் கூராக இருப்பதும் இயல்பு. கேட்க வேண்டியது, முத்திரையின் நிலையும் அதைச் சுற்றியுள்ள பரப்பின் நிலையும் ஒத்துப்போகின்றனவா என்பதை.

இன்னொரு தந்திரம் உண்டு. உடைந்த கரண்டியிலிருந்து உண்மையான முத்திரைத் துண்டை வெட்டியெடுத்துப் பெரிய பாத்திரத்தின் அடியில் பதித்துவிடுவார்கள். முத்திரை அசல், பாத்திரம் வேறு. இதைப் பிடிக்க வாயைத் திறந்து அடிப்பாகத்தில் வெதுவெதுப்பான மூச்சை விடுங்கள். ஆவி படியும்போது பற்றவைத்த கோடு சில நொடிகள் வட்டமாகவோ சதுரமாகவோ தெரியும். முத்திரையைச் சுற்றிக் கறுப்பு ஏறிய விதம் மாறுபட்டாலும் அதே காரணம்தான்.

பிரியும் பாகங்களை மறக்க வேண்டாம். மூடி, பிடி, அடித்தட்டு எல்லாவற்றிலும் முத்திரை இருக்க வேண்டும். சிறு பாகத்தில் சின்ன முத்திரை. சிகரெட் பெட்டியில் இரண்டு பாதிகளிலும் பாருங்கள். மூடியில் ஒருவர் பெயரும் அடியில் வேறொருவர் பெயரும் இருந்தால் இரண்டு பொருள்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

தராசு

வீட்டிலேயே முடியும் சோதனை. பெரிய பாத்திரங்களின் அடியில் பவுண்டும் ஸோலோத்னிக்கும் கொண்டு எடையைக் கீறி வைத்திருப்பார்கள். 1 பவுண்டு 24 ஸோலோத்னிக் என்று இருந்தால் 409.5 கிராமோடு 102.4 சேர்த்து சுமார் 512 கிராம். இன்று 505 காட்டினால் அது தேய்மானம். 560 காட்டினால் யாரோ எதையோ சேர்த்திருக்கிறார்கள். 430 என்றால் ஒரு பாகம் போயிருக்கிறது.

தண்ணீரில் அமிழ்த்தி அடர்த்தி பார்ப்பது ஓரளவுக்குத்தான் உதவும். 875 வெள்ளியின் அடர்த்தி சுமார் 10.27, 925க்கு 10.36. 150 கிராம் பொருளில் எடையிழப்பு 14.6க்கும் 14.5க்கும் இடையிலான வித்தியாசம்தான், சமையலறைத் தராசுக்கு அது எட்டாது. முலாம் பூசிய பித்தளையை மட்டும் இது உடனே காட்டிக்கொடுக்கும். அதில் இழப்பு 17 கிராமைத் தாண்டும். மரப்பிடி, உள்ளே குழிவு, எனாமல் இருந்தால் இந்தக் கணக்கே செல்லாது.

முலாமைப் பற்றிப் பேசும்போது வார்சாவின் நோர்ப்ளின், ஃப்ராஜே நிறுவனங்களைச் சொல்லாமல் விட முடியாது. அவர்களுடைய வெள்ளி முலாம் சாமான்களில் இரட்டைத் தலைக் கழுகு பெரிதாக இருக்கும். அதைப் பார்த்தே 'அரச வெள்ளி' என்று விற்கிறார்கள். 84 இருக்காது. அந்த எண் இல்லாத கழுகுக்கு வெள்ளி விலை கொடுக்காதீர்கள்.

உரைகல்லும் அமிலமும்

கல்லில் இழுத்த கோட்டின் மேல் டைக்ரோமேட் கலந்த நைட்ரிக் அமிலச் சொட்டு விட்டால் வெள்ளிக்கு இரத்தச் சிவப்பு வரும். பொருள் வெள்ளியா இல்லையா என்று தெரியும். 875க்கும் 925க்கும் நிறத்தில் உள்ள வேறுபாட்டைத் தேர்ந்த கண்தான் பிரிக்கும். முத்திரையைப் பற்றி எதுவும் தெரியாது. உரைத்த இடத்தில் பழைய பரப்பு போய்விடும். சேகரிப்புப் பொருளுக்கு அந்தப் பரப்பும் மதிப்பில் ஒரு பங்கு. கருவி கிடைக்காத இடத்தில், கரண்டியின் உள்விளிம்பில், அதுவும் வெறும் வெள்ளி எடை விலைக்கு வரும் பொருளில் செய்யலாம். எனாமல், செதுக்கிய கோடுகளில் கறுப்பு உலோகக் கலவை நிரப்பும் நியெல்லோ உள்ள பொருளில் கூடவே கூடாது.

எக்ஸ்ரே கருவி

தங்கக் கடைகளிலும் ஹால்மார்க் மையங்களிலும் உள்ள மாற்றுப் பார்க்கும் கருவி இதே இனம்தான். வெள்ளிக்கான அளவுத்திட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். எல்லாத் தனிமங்களும் அச்சான சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளிச் சதவீதம் மட்டும் போட்ட சீட்டு பாதி வேலைதான்.

கருவி பார்ப்பது மேலே உள்ள மிக மெல்லிய அடுக்கை. பட்டறையில் அமிலத்தில் போட்டு வெளுக்கும்போது மேற்பரப்பின் செம்பு கரைந்து வெள்ளி மிஞ்சும். அதனால் உண்மையான 84 பொருள் மேல்பக்கத்தில் 90க்கு மேலும் காட்டலாம், அது குற்றமில்லை. விளிம்பு, அடிவளையம், தேய்ந்த மேடு என மூன்று நான்கு இடங்களில் பார்த்தால் 87க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எல்லா இடத்திலும் 92.5 என்றால் இன்றைய ஸ்டெர்லிங் வெள்ளியில் 84 குத்தியிருக்கலாம். எல்லா இடத்திலும் 80 என்றால் ஜெர்மன் 800 வெள்ளிக்கு ரஷ்ய வேடம் போட்டிருக்கலாம். இது அடிக்கடி நடப்பது. 99க்கு மேல் என்றால் மேலே முலாம், அல்லது மின்படிவால், அதாவது அச்சின் மேல் மின்சாரத்தால் உலோகத்தைப் படியவைத்து, எடுத்த பிரதி. மின்படிவு முறையைப் பீட்டர்ஸ்பர்க்கிலேயே 1838இல் மோரிட்ஸ் யாகோபி கண்டார். அந்த வழியில் எடுத்த பிரதியில் முத்திரை கூராகவே வரும், லென்ஸை ஏமாற்றும். உட்புறம் மட்டும் சொரசொரப்பாக இருக்கும்.

கருவியின் உண்மையான பலம் சிறு தனிமங்களில் இருக்கிறது. பழைய சுத்திகரிப்பில் தங்கம், ஈயம், பிஸ்மத் ஆகியவற்றின் துளி வெள்ளியில் தங்கிவிடும். வெள்ளியும் செம்பும் தவிர வேறெதுவும் இல்லாத பளிச்சென்ற சீட்டு பழைய பொருளுக்குப் பொருந்தாது. பற்றவைத்த இடத்தில் கருவியை வைத்துக் காட்மியம் வருகிறதா பாருங்கள். நம் கேடிஎம் நகைக்குப் பெயர் கொடுத்த அதே காட்மியம்தான். பற்றாசில் அது பரவியது 20ஆம் நூற்றாண்டில். ஒரு பிணைப்பில் மட்டும் இருந்தால் பழுது பார்த்திருக்கிறார்கள். எல்லாப் பிணைப்பிலும் இருந்தால் பொருளே புதிது. முலாமில் பாதரசம் இருக்கிறதா என்பதும் கேள்விதான். 1840களுக்கு முந்தைய தேதியிட்ட பொருளின் முலாம் பாதரசம் வைத்து நெருப்பில் ஏற்றியதாகவே இருக்க வேண்டும். பாதரசம் இல்லையென்றால் பிறகு முலாம் போட்டிருக்கிறார்கள், அல்லது தேதி பொய்.

இவ்வளவும் சொன்ன கருவி ஒரு வகைப் போலியிடம் முழுதாகத் தோற்கும். 1900ஆம் ஆண்டின் உண்மையான மாஸ்கோ சிகரெட் பெட்டி, உண்மையான 84, உண்மையான கோகோஷ்னிக். அதில் நேற்று, ஜார் அரண்மனைக்குப் பொருள் செய்த புகழ்பெற்ற ஃபபெர்ஜே நிறுவனத்தின் பெயர் ஒன்று கூடுதலாக ஏறியிருக்கிறது. உலோகம், காலம், பற்றவைப்பு எல்லாம் சரியாகவே வரும்.

நிபுணர் எப்போது

அந்த ஒரு பெயருக்காகத்தான் பெரும்பாலும் நிபுணர் தேவைப்படுகிறார். ரஷ்ய வெள்ளியில் அதிகம் போலியாகக் குத்தப்படும் பெயர் ஃபபெர்ஜே. நிபுணரிடம் போகும் முன் நீங்களே வடிகட்டலாம். மாஸ்கோக் கிளை 1887இல் தொடங்கியது. அங்கே செய்தவற்றில் கே. ஃபபெர்ஜே என்று முழுப்பெயரும் அரசக் கழுகும் வருவது வழக்கம். பீட்டர்ஸ்பர்க் பொருளில் ஃபபெர்ஜே என்ற பெயரோடு பட்டறைத் தலைவரின் முதலெழுத்துகள் இருக்கும். மிகயில் பெர்கின் ரஷ்ய எழுத்தில் குத்தினார், 1903இல் இறந்தார். அவர் இடத்துக்கு வந்த ஹென்ரிக் விக்ஸ்ட்ரோம் லத்தீன் எழுத்தில் எச்.டபிள்யூ. என்று குத்தினார். ஆகவே பெர்கினின் எழுத்தும் வலப்பக்கம் பார்க்கும் கோகோஷ்னிக்கும் ஒரே பொருளில் சேர வழியே இல்லை. பெர்கினோடு மாஸ்கோவின் டெல்டாவும் சேராது. இந்த இரண்டு பிழைகளும் உள்ள பெட்டிகள் அழகான மரப் பேழையோடு சந்தைக்கு வருகின்றன. பேழையைப் பார்த்து மயங்க வேண்டாம்.

இதைத் தாண்டி நிற்கும் பொருளில் நிபுணர் பார்ப்பது கைவேலையை: கீல் கண்ணுக்குத் தெரியாமல் மூடுகிறதா, எனாமலின் அடியில் இயந்திரச் செதுக்கல் ஒழுங்காக ஓடுகிறதா, கீறி எழுதிய இருப்பு எண் அந்தக் காலக் கையெழுத்தா என்று. புகைப்படத்தை வைத்து மட்டும் கொடுத்த சான்றிதழை நம்பிப் பெரும் தொகை கொடுக்காதீர்கள். பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து, எடையும் அளவும் முத்திரைப் படமும் சேர்த்து எழுதிய அறிக்கை வேண்டும். பொருளை விற்பவரே ஏற்பாடு செய்த நிபுணர் என்றால் அந்த அறிக்கையை இல்லாததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, எந்தப் பொருளுக்கு எந்தச் செலவு

முத்திரையுள்ள சாதாரணக் கரண்டி, வெள்ளி எடை விலைக்குக் கொஞ்சம் மேலே வருகிறதா? காலக்கணக்கும் லென்ஸும் போதும். ஒற்றைக் கரண்டியில் பொய் முத்திரை குத்துவதால் யாருக்கும் பெரிய லாபமில்லை. பணத்தைச் சோதனையில் கரைக்காதீர்கள்.

பொத்ஸ்தகானிக், சிகரெட் பெட்டி, சர்க்கரைக் கிண்ணம் போன்றவை எடை விலையைப் போல இரண்டு மூன்று மடங்குக்கு வந்தால் கருவிச் சீட்டும் சேர வேண்டும், நான்கு இடங்களில், பற்றவைத்த இடம் உட்பட. பிரெஞ்சு அன்னப்பறவை முத்திரை கூடவே இருந்தால் அது நல்ல துணைச்சாட்சி. 1893 முதல் பிரான்ஸுக்குள் வந்த வெளிநாட்டு வெள்ளிக்கும் ஏலத்துக்குப் போன பழைய வெள்ளிக்கும் அதைக் குத்தினார்கள்; புலம்பெயர்ந்த ரஷ்யர்கள் விற்ற பொருள்களில் அடிக்கடி காணலாம்.

எனாமல் வேலைகளிலும் பெரிய பெயர் உள்ளவற்றிலும் காலக்கணக்கும் லென்ஸும், கருவி, நிபுணர் என மூன்று கட்டமும் வேண்டும், இதே வரிசையில். காலக்கணக்கில் தோற்ற பொருளுக்குக் கருவிக் கட்டணம் வீண், கருவியில் தோற்றதற்கு நிபுணர் கட்டணம் வீண்.

இணையத்தில் வாங்குவதானால் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: ஒவ்வொரு முத்திரையும் பக்கவாட்டு வெளிச்சத்தில், முத்திரைக்கு நேர் பின்புறம், பிரியும் பாகங்கள் தனித்தனியே, பொருள் தராசின் மேல். முத்திரைக்குப் பின்புறத்தைப் படமெடுக்க மறுப்பவரிடம் வாங்க வேண்டாம். படங்களை அனுப்பினால், முத்திரை போலி என்று 30 நாளில் தெரிந்தால் முழுத் தொகையும் திரும்பும் என்ற வரி ரசீதிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். 'வெள்ளி அல்ல என்று தெரிந்தால்' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள்.